மடியில் தாளம் போட்ட கை

உயர்தர வகுப்பில் என் மூன்றாவது பாடம் புவியியல் என்றுதான் அப்பா நினைத்திருக்கிறார். சங்கீதம் படித்தால் வேலை கிடைக்காது என்பது அவர் முடிவு. நான் படிப்பது சங்கீதம்தான் என்பது இதை வாசிக்கும் உங்களுக்கு மட்டும் தெரியும்.

இன்று லிங்கநகர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவர், அம்மாவோடு தேவாலயத்தில் பூசைக்கு வரும் ஆன்ரி.

"என்ன பிள்ளை வாய்க்குள்ள முணுமுணுக்கிறீர்?"

"புவியியல் பாடமாக்கிறன், ஆன்ரி."

"புவியியலுக்கு ஆர் பிள்ளை விரலை எண்ணி எண்ணிக் கையைத் திருப்பிப் போடுறது?"

குனிந்து பார்த்தேன். என் வலது கை மடியில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆன்ரி சிரித்துக்கொண்டே இறங்கினார். "ஞாயிறு பூசையில அம்மாட்டக் கேக்கிறன்."

எல்லோரும் தூங்கியபின், போர்வைக்குள் இருந்து பயத்தோடு எழுதுகிறேன். ஞாயிறுக்கு முன் நானே அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவது? யாராவது சொல்லுங்கள்.

அப்பாவின் முன் கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.