மத்தியானச் சாப்பாடு கொடுக்கப்பட்டது

மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரச் செம்மண்ணும் சேர்ந்த ஒரு மணம் உண்டு. இறைக்கிற மிசின் முதல் இழுப்பில் இருமி, அடுத்த இழுப்பில் உறுமி, வாய்க்காலுக்குள் தண்ணீரைத் துப்பும்போது எழுகிற மணம். வலிகாமத்து வெங்காயத் தோட்டங்களை எண்ணி உருகுகிறவர்கள் அதைப் பற்றி உருகி எழுதட்டும். எனக்கு அது மூக்கில் ஏறினால் பல் நெருமுகிறது. செலவு எழுதுகிற ஒரு சிட்டைதான் நினைவுக்கு வருகிறது. அதை வரைந்தவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாண நகரத்தில், தோட்டங்களுக்குப் போய் மிசின் திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் நான் கணக்கெழுதினேன். மெக்கானிக்குகள் மூன்று பேர். காலையில் சைக்கிளிலோ பஸ்ஸிலோ கிளம்புவார்கள். பஸ் காசு, சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்ட காசு, சோற்றுக் காசு எல்லாம் அவர்களுடைய மடியிலிருந்துதான். பின்னேரம் வந்து முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். அவர் பாதியைக் கேட்கமாட்டார், மீதியை நம்பமாட்டார். சொந்தக் காசைத் திரும்பக் கேட்கிறவன் பிச்சைக்காரனைப்போல நெளிவதை நான் நாள்தோறும் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

அதனால்தான் அந்தச் சிட்டை. யாரும் யாருக்கு முன்னாலும் நிற்காமல், எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிற முறை. போன இடம், போன வழி, செலவு. தேத்தண்ணிக் கடைக்காரன் பற்றுச்சீட்டு தரமாட்டான் என்பதால், வேலைக்குப் போனதற்குச் சாட்சியாக அடியில் அந்தத் தோட்டத்து வீட்டுக்காரரின் கையெழுத்து. ஸ்டென்சில் வெட்டி, படியெடுக்கிற றோணியோ மையில் விரல்கள் கறுக்க, ஒரு கவிதையைப்போல அதைத் திருத்தித் திருத்தி முடித்தேன். முதலாளி பார்த்தார். சிவப்புப் பேனையை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தார்: மத்தியானச் சாப்பாடு வீட்டில் கொடுக்கப்பட்டது, ஆம், இல்லை.

"தோட்டக்காரர் சோறு குடுக்கிறவை, தம்பி. உவங்கள் அதையும் திண்டுபோட்டு, கடைச் சோத்துக்கும் காசு கேக்கிறாங்கள்."

இரண்டு பேருக்கு அது உண்மைதான். விறாந்தையில் இருத்தி, வாழையிலை போட்டுத்தான் கொடுப்பார்கள். மூன்றாவது ஆளுக்கு இலை விழாது. அவர் எந்தச் சாதி என்று கடையில் யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். அவர் மிசினைத் தொடலாம். கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைக் கழற்றலாம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடிக்க, வேலியில் கவிழ்த்து வைத்த ஜாம் போத்தலைக் காட்டுவார்கள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சந்திக்குப் போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுவார்.

சிட்டைகள் வந்தன. அவருடைய சிட்டை எல்லாவற்றிலும் 'ஆம்'. கீழே வீட்டுக்காரரின் வடிவான கையெழுத்து. முதலாளி ஒவ்வொன்றிலும் சோற்றுக் காசை வெட்டினார்.

"அண்ணை, 'இல்லை' எண்டு போடச் சொல்லிக் கேளுங்கோவன்," என்றேன் அந்த மூன்றாவது ஆளிடம்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல. "மத்தியானம் வீட்டை வந்தவனுக்குச் சோறு குடுக்கேல்லை எண்டு எந்த யாழ்ப்பாணத்தான் கையெழுத்து வைப்பான்? பட்டினி போடுவான். எழுத்திலை போடமாட்டான். உம்மடை சிட்டை நல்ல வடிவு தம்பி. தின்னாமலே என்னைத் தின்ன வைச்சிட்டுது." பிறகு சொன்னார்: "அந்த வரி போனால் நான் நிப்பன். போகாட்டி நான் போவன்."

முதலாளியிடம் போனேன். அந்த வரியை எடுத்துவிட்டு மூவருக்கும் ஒரே சாப்பாட்டுக் காசு கொடுங்கள் என்றேன். "வீட்டுக்காரன் கையெழுத்து வைச்சிருக்கிறான். அதுக்கு மேலை என்ன சாட்சி?" என்றார். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார்.

ஒரு சனிக்கிழமை, முதல்நாள் அண்ணை மிசின் திருத்திக் கொடுத்த தோட்டக்காரர் கடைக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. மிசின் மறுபடி நின்றுவிட்டதாம். முதலாளி கதிரை இழுத்துப் போட்டுச் சோடா உடைத்துக் கொடுத்தார். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நேற்று எனக்குச் சாப்பாடு தந்தனீங்கள் எண்டு எழுதியிருக்கு."

"ஓமோம். தராமல் விடுவமே?"

"என்ன கறி?"

"டேய், வாயைப் பொத்து," என்றார் முதலாளி.

"கேக்கட்டும், சொல்லுறதுக்கென்ன?" தோட்டக்காரர் சோடாவை ஒரு மிடறு இழுத்தார். "மீன் குழம்பு. கத்தரிக்காய்ப் பொரியல். வயிறு முட்டத் திண்டவன்."

பின்னாலிருந்த மற்ற மெக்கானிக் பக்கென்று சிரித்துவிட்டான். "நேற்று வெள்ளிக்கிழமை, ஐயா!"

அந்தச் சைவ வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைக்கோதுகூட வாசல் படலை தாண்டாது. எங்கோ கோட்டைப் பக்கம் ஒரு ஹெலி இரைந்தது. பொய் சொன்னதற்கு அந்த மனிதர் கூசவில்லை. வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சிய வீடு என்று ஊரில் பெயர் வந்துவிடுமோ என்றுதான் பதறினார்.

"எங்கடை வீட்டிலை வெள்ளிக்கிழமை மீனோ? ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்," என்றார் அண்ணை.

முதலாளி காசு லாச்சியை இழுத்தார். சில நோட்டுகளை மேசையில் எறிந்தார். "இந்தா, பிடி. கதையை விடு."

"காசை விடுங்கோ முதலாளி, அந்த வரியை எடுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ கணக்கை எழுது. அந்த வரி அங்கை கிடக்கும்."

அண்ணை நோட்டுகளைப் பார்க்கவே இல்லை. தன்னுடைய நட்டுக் கழற்றும் சாவிகளைச் சாக்கில் சுற்றினார், கரியரில் வைத்துக் கட்டினார். நிதானமாக, ஒரு முடிச்சும் தளராமல். தோட்டக்காரர் சோடாவையும் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"டேய் தம்பி, கோவியாதை. மிசினை ஒருக்காப் பாத்துப்போட்டுப் போ. வெங்காயம் வாடுது."

அண்ணை பெடலில் ஒரு காலை வைத்தார்.

"எனக்கு வைச்ச மீன் குழம்பு மிச்சம் கிடக்கும் ஐயா. அதை மிசினுக்கு ஊத்தி இழுத்துப் பாருங்கோ."