நேர்ந்த நூலை வெட்டிய நிஸ்தார் நானா

நிஸ்தார் நானா மௌத்தாகிட்டாராம்...

காலையில பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல மரண அறிவித்தல்ல பேர் சொன்னாங்க. உலையில அரிசி போட்டுக்கிட்டு இருந்தேன். அப்படியே நின்னுட்டேன். சோறு குழைஞ்சி போச்சு.

அலுவிகாரையில மெயின் ரோட்டுல கோழிக்கடை வெச்சிருந்தாரே, அவர்தான். பஸ்ஸுல இருந்து கை காட்டினாலும் கத்தியத் தூக்கிக் காட்டி சிரிப்பார்.

ரொம்ப நாளா கிட்னி வருத்தம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சி களைச்சுப் போன மனுசன்.

ஆனா பைப்படியில பக்கத்து வீட்டு செல்வி சொல்றா... "அன்னைக்கு சாமிக்கு நேர்ந்த நூல வெட்டினார்ல. சும்மா விடுமா?"

வாளியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

அதுதான் இங்க எழுதுறேன். நடந்தது என்னன்னு எல்லாரும் தெரிஞ்சிக்கங்க.

என் பேத்தி டெங்கு வந்து கிடந்தப்போ முனியாண்டி சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்தேன். இப்போ அவ கம்பஸ்ல படிக்கிறா, எங்க குடும்பத்துல முதல் ஆள். சாமி காப்பாத்திக் குடுத்த பிள்ளை.

நேர்ந்ததுக்கு அடையாளமா ஒரு குஞ்சு கால்ல மஞ்சள் நூல் கட்டிவிட்டோம். வளர்ந்து பார்த்தா... அது முட்டை போடுது!

பூசாரி தலையில கை வெச்சிட்டார். சாமிக்கு வேற சேவல் குடுத்தோம். அப்ப இந்த நூல அவுத்துடலாமான்னு கேட்டேன். "கட்டினது கட்டினதுதான். அவுக்கிற ஆளுக்கு ஆகாது. அப்படியே கிடக்கட்டும்"ன்னுட்டார்.

அறுக்கவும் முடியாது, விக்கவும் முடியாது. வீட்டுப் பிள்ளையா ஆயிட்டா. மஞ்சக்கான்னு பேர் வெச்சோம். குசினி வாசல்ல நின்னு என்னையே அதட்டுவா.

திடீர்னு ஒரு நாள் நொண்டினா. மறுநாள் காலக் கீழயே வைக்கல. கால் வளர வளர நூல் இறுகி சதைக்குள்ள போயிருக்கு... வீங்கி, நாத்தம் வேற.

மகன் கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு வந்தான். கிட்ட வந்து குந்தினான். அப்புறம் அவன் பிள்ளைங்களத் திரும்பிப் பார்த்துட்டு, கத்தரிக்கோல வெச்சிட்டுப் போயிட்டான். அவனக் குறை சொல்ல மாட்டேன்.

அன்னைக்குப் போயா, பௌர்ணமி லீவு; எதையும் அறுக்கக் கூடாது. மிருக டொக்டர் ஒபிஸும் பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. கோழிய ஒரு பேக்ல போட்டுத் தூக்கிக்கிட்டு நிஸ்தார் நானா வீட்டுக்கே போனேன்.

"ஏன் தங்கச்சி, போயாவுல கோழி கொண்டாந்து என்னைய பொலிஸ்ல புடிச்சிக் குடுக்கவா?"

பேக்கத் திறந்து கால்ல விரல வெச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு.

"யா அல்லாஹ்... இப்படி இறுகி வந்தீக்கிது. ஏன் வெட்டாம வெச்சீக்கிறீங்க?"

விசயத்தச் சொன்னேன்.

"வெட்டினா யாருக்கு ஆகாது? கோழிக்கா?"

"வெட்டுற ஆளுக்கு நானா."

சட்டைக் கைய மடிச்சு விட்டார். பிறகு உள்ள பார்த்து அவர் மனுசியக் கூப்பிட்டார். "பரீதா, அந்தச் சின்னக் கத்தரியக் கொண்டா. சுடுதண்ணியும்."

என்னைப் பார்த்து, "நீங்க அங்கிட்டு திரும்பி நில்லுங்க. பாக்காட்டி உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னார்.

நான் திரும்பல. செட்டை ரெண்டையும் நான்தான் புடிச்சிருந்தேன்.

பிஸ்மின்னு அல்லாஹ் பேரச் சொல்லிட்டு, உப்புத் தண்ணியில ஊற வெச்சி ஊற வெச்சி, கொஞ்சம் கொஞ்சமா நூல வெட்டி எடுத்தார். தினம் கோழி அறுக்கிற கை... அன்னைக்கு ஒவ்வொரு இழைக்கும் நின்னு நின்னு போச்சு. பார்த்தேன்.

எடுத்த நூல பேப்பர்ல சுத்தி என் கையில வெச்சார். "உங்க சாமிட சாமான். கோயில்லயே சேர்த்துருங்க."

"கோழிக்கடைக்காரன் கோழிக்கு மருந்து கட்டினான்னு மட்டும் வெளிய சொல்லிறாதீங்க தங்கச்சி. யாவாரம் படுத்துரும்."

நூலக் கோயில்ல குடுத்தப்போ விசயம் ஊருக்கே தெரிஞ்சிடுச்சு. மஞ்சக்கா பிழைச்சிட்டா. லேசா ஒரு இழுப்பு இருக்கு, அவ்வளவுதான்.

அவர் படுக்கையில விழுந்த பிறகு ஒரு தரம் பார்க்கப் போனேன். உடம்பு பாதியாப் போயிருந்துச்சு.

"தங்கச்சி, உங்க சாமி வேலையக் காட்டிட்டார் போல..."ன்னு சிரிச்சார்.

என் முகம் எப்படிப் போச்சோ தெரியல. உடனே கையத் தூக்கிட்டார். "பகிடி, பகிடி! எனக்கு இந்த வருத்தம் கோழிக்கு முந்தியே வந்தது. பரீதாகிட்ட கேளுங்க!"

பரீதா கத்தினாங்க. "சும்மா கெடங்க மனுசன்! வந்த ஆள அழ வெச்சி அனுப்பப் பாக்குறீங்க."

உண்மையிலேயே முந்தி வந்ததா, எனக்காகச் சொன்னாரான்னு தெரியல. பரீதாகிட்ட நான் கேக்கவும் இல்ல.

இன்னைக்கு அந்த செல்வி சொன்னது நெஞ்சில உக்காந்துக்கிச்சு. அடுப்ப அணைச்சிட்டுக் கோயிலுக்கு ஏறினேன். முழங்கால் இருக்கிற இருப்புக்கு அந்தப் படி ஏறுறதே பெரிய பாடு.

பூவும் கொண்டு போகல, சூடமும் ஏத்தல. நின்னபடியே சொன்னேன்... "அவர் உன்னைத் தேடி வந்து வெட்டல. நான் தூக்கிட்டுப் போய் அவர் மடியில வெச்சேன். வலிக்குதேன்னு வெட்டினார். கேக்கிறதுன்னா என்னைக் கேளு. அந்த மனுசன விட்டுடு."

சத்தமாத்தான் சொன்னேன். பூசாரியும் அங்கதான் இருந்தார். கேக்கட்டும்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிய அடக்கம். இப்போ த்ரீவீல் வரும், பரீதா பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் உக்காரணும்.

நிம்மதியாப் போங்க நானா. உங்களுக்காக நான் சொல்லிட்டேன்.