நல்ல சீட்டு

இடைசெவல் கிராமத்தில் காடு உழும் சம்சாரி சுடலைக்கண்ணு பஸ்ஸில்கூட இடம் பார்த்து உட்கார்ந்தவரில்லை. கம்பியைப் பிடித்து நின்றே பழக்கம். துபாயில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்த மகன் முத்துமணியை ஊருக்குக் கொண்டுவர, கம்பெனிக்காரர்கள் அவருக்கு விமானத்தில் முதல் வகுப்பு டிக்கெட்டே போட்டுவிட்டார்கள்.

கோவில்பட்டி டிராவல்ஸ் கடையில் ஜெயப்பிரியா கம்ப்யூட்டரில் சீட்டுகளைக் காட்டினாள். “அண்ணாச்சி, திரும்பி வாரதுக்கு இந்த ஜன்னல் சீட்டுதான் இருக்கதுலயே நல்லது. காலை நீட்டிப் படுத்துக்கிடலாம்.”

“எம்மவன் பெட்டிய எங்கன வைப்பாவ, தாயி?”

அவள் திரையில் விமானத்தின் வால்பக்கத்தைக் காட்டினாள். “அடியில, பின்பக்கமா.”

“அப்போ அதுக்கு நேர் மேல போடு.”

“அது சாதா சீட்டு அண்ணாச்சி, ஒரே நெருக்கடியா இருக்கும். குடுத்தத ஏன் விடுதீய?”

“அவன் அங்கன அநாதையா கெடப்பான், நான் முன்னால நீட்டிப் படுத்துக்கிட்டு வரணுமோ?” மேசையில் ஓங்கி அடித்தார். “சுடுகாட்டுக்கு எடுக்குத வரைக்கும் தலைமாட்டுல ஆள் வேண்டாமா?”

ஜெயப்பிரியா கடைசி வரிசைக்கு மாற்றினாள். அவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சீட்டுக்கு அடியில் விரல் வைத்துத் திரையைத் தொட்டார்.

“தாயி, தல எந்தப் பக்கம் இருக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”