இருபது புள்ளி ஒன்பது

புனேயில் வியாழக்கிழமை என்றால் கரண்ட் போகும். வானவடியில் எங்கள் குடியிருப்பில் அன்றைக்குக் காலையிலேயே மாவை அரைத்து, தொட்டியில் தண்ணீரை ஏற்றி வைத்துவிடுவோம். போசரிப் பக்கத்து ஆலைகளுக்கும் அன்றுதான் வார விடுமுறை. இயந்திரம் ஓடும்போது செய்ய முடியாத வேலைகளை எல்லாம் வியாழனுக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். கழிவுநீர்க் குழியைக் கழுவுவதும் அதில் ஒன்று.

அப்படி ஒரு ஆலையின் குழியில் காற்றைச் சோதிக்கும் சென்சார்களை மாட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. மொத்தம் நான்கு. நான்காவது, குழியின் அடியில். காற்றில் பிராணவாயு நூற்றுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை தன் கம்பியில் ஓர் எண்ணை அனுப்பும். நான்கு கம்பிகளின் பேச்சையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு அனுப்புவது மல்டிபிளெக்சர் என்ற சின்னப் பெட்டி. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். லேப்டாப்பைச் செருகி, பிரௌசரில் அதன் முகவரியை அடித்தால் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும். எந்தக் கம்பி என்ன வேகம், எது முதலில், எல்லாவற்றையும் அங்கேதான் அமைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. ஏதாவது ஒரு கம்பி பேச்சை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? புதுப்பெட்டியில் 'கடைசி எண்ணையே திரும்பச் சொல்' என்று இருக்கும். எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ, தெரியாது. சென்சார் செத்துப் போனாலும் அதன் எண் திரையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். நான் அதை 'எண் இல்லை என்று சொல், மணி அடி' என்று மாற்றி, 'அப்ளை' பொத்தானை அழுத்தினேன். நான்காவது கம்பியைப் பிடுங்கிக் காட்டினேன். திரை சிவந்தது, மணி அலறியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பை மூடினேன்.

குழியில் இறங்குபவர் தமிழர்தான். மூன்று தலைமுறைக்கு முன் வேலூர்ப் பக்கமிருந்து வந்து கோர்படியில் தங்கிவிட்ட குடும்பம். தமிழ் படிக்கத் தெரியாது, பேச்சு மட்டும் நிற்காது. ஆலையில் தமிழ் பேச நான் ஒருத்தி கிடைத்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அக்கா, இந்த நம்பர் வந்தா எறங்கலாம் இல்ல? பக்கா?"

"இருபது புள்ளி ஒன்பதுன்னா இப்ப நாம இழுக்கிற காத்து. கொறைஞ்சா மணி அடிக்கும். தாராளமா எறங்குங்க."

"அப்ப இந்த டப்பா இன்னாத்துக்கு?" என்று இடுப்பில் மாட்டியிருந்த, காற்றைச் சோதிக்கும் கைமீட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அவர் வருடக்கணக்கில் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். 'வேண்டாம், அதுவும் இருக்கட்டும்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் திரையை ஒருவர் அவ்வளவு நம்பியது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் வியாழன். வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மின்விசிறி நின்றது. சொல்லி வைத்த நேரம்தான், கவனிக்கவில்லை. ஒரு நிமிடம் கரண்ட் திரும்பி வந்து மறுபடி போனது. அந்த ஒரு நிமிடத்தில் மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரம் சைபரில் நின்று மினுக்கியது. அது எப்போதும் அப்படித்தான், கரண்ட் போனால் மணியை மறந்துவிடும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்டியின் அந்தப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். அப்ளை என்பது அந்த நேரத்துக்கு மட்டும். அதற்குக் கீழே 'சேவ்'. அதை அழுத்தினால்தான் கரண்ட் போய் வந்தாலும் பெட்டிக்கு நினைவிருக்கும். நேற்று அதை அழுத்தினேனா? கை தட்டியது நினைவிருந்தது. லேப்டாப்பை மூடியது நினைவிருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். ஷிப்டில் இருந்த மராத்திக்காரர் எடுத்தார்.

"மேடம், சப் டீக் ஹை." எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

கரண்ட் போனதா என்று இந்தியில் கேட்டேன். காலையிலேயே போனதாம், ஜெனரேட்டர் ஓடுகிறதாம். குழியில் யாராவது? குழாயால் சுவரில் எல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு அவர் இறங்கிப் பத்து நிமிடம் ஆகிறது என்றார். திரையில் இருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னேன். முதல் மூன்றும் படிக்கப் படிக்க மாறின. நான்காவது, இருபது புள்ளி ஒன்பது.

"மாறுகிறதா?"

"நஹி மேடம். ஏக்தம் ஸ்டெடி."

ஆடாமல் அப்படியே நிற்கிறது என்று நற்சான்றிதழ் கொடுப்பது போலச் சொன்னார். உயிரோடு இருக்கும் சென்சாரின் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம்கூட நிற்காது. கழுவிய தண்ணீர் நான்காவது கம்பியின் இணைப்புக்குள் போயிருக்கிறது. பெட்டி பழைய எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடியில் அவர் சகதியைக் கிளறக் கிளற விஷவாயு மேலே வரும்.

"அவரை மேலே இழுங்கள்" என்று கத்தினேன். திரையில் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். "திரை பொய் சொல்கிறது!"

அவர் போனை வைக்காமல் மேசையில் போட்டுவிட்டு ஓடினார். நாற்காலி உருண்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஜெனரேட்டர் மட்டும்தான். காதில் போனை அழுத்திக்கொண்டு, பாதி நறுக்கிய வெண்டைக்காயின் முன்னால் நின்றேன். அந்தச் சத்தம் இன்றும் எங்கேயாவது கேட்டால் கை போனைத் தேடுகிறது.

ஏணியின் அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அலுப்பில் உட்கார்ந்தவர் மாதிரி. இடுப்புக் கயிற்றைப் பிடித்து இருவர் தூக்கினார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, சாயா கேட்டார்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி என் பக்கத்தில் நிற்க, பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியிலேயே இருந்தது: 'சேமித்த அமைப்பு: இல்லை.' ஆங்கிலத்தில்தான். அவரும் படித்தார், புரியவில்லை. என்ன என்று கேட்டார். கரண்ட் போனதில் அழிந்துவிட்டது என்றேன். எல்லாவற்றையும் மறுபடி அமைத்தேன். அப்ளை. சேவ். அந்த வரி மறைந்து, அன்றைய தேதி வந்து உட்கார்ந்தது. பிழையைத் திருத்திய அதே விரல்தான் தடயத்தையும் துடைத்தது. எனக்குத் தெரிந்தே.

மின்தடை, இணைப்பில் தண்ணீர், பொறியாளரின் சமயோசிதமான தொலைபேசி அழைப்பு என்று அறிக்கை போனது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அவருடைய மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உருவிக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழன், அவர் மறுபடி இறங்குகிறார் என்று கேள்விப்பட்டு யாரும் கூப்பிடாமலே போனேன். அலமாரியிலிருந்து கைமீட்டரை எடுத்துக்கொண்டு குழியின் வாய்க்குப் போனேன்.

"இதை மாட்டிக்கிட்டு எறங்குங்க."

"அது இன்னாத்துக்குக்கா? வூட்ல இருந்துக்கினே கண்டுபுடிச்சவங்க நீங்க. நீங்க நிக்கிறீங்க இல்ல, போதும்."

அவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் என்னை நம்பக் கூடாது. நம்பாமல் இருக்க வேண்டுமானால் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஏணியில் கால் வைத்தவர் திரையில் எண் என்ன என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

சரி என்று தலையை ஆட்டினேன். அவர் இறங்கினார். மீட்டர் என் கையிலேயே இருந்தது.