பச்சைக் குதிரை நின்றபோது

நாலு மடிப்பு, ஒரு தடவல், மேசை ஓரத்துப் பொத்தானில் முழங்கையால் ஒரு தட்டு. எதிர்ச்சுவர்த் திரையில் அவளுடைய மஞ்சள் குதிரை ஓரடி முன்னே பாய்கிறது. அவள் அதைப் பார்ப்பதில்லை. கழுத்தைத் திருப்பி இடப்பக்க மேசையைப் பார்க்கிறாள். பிறகுதான் அடுத்த படுக்கை விரிப்பை உதறுகிறாள்.

ஓட்டல் துணிகள் மலையாய் வந்து குவியும் சலவைக்கூடம். மடிக்கிற பன்னிரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு குதிரை. வேலை சலிக்காமல் இருக்கட்டும் என்று நிர்வாகம் கொண்டுவந்த விளையாட்டு. ஜெயித்தால் பரிசெல்லாம் கிடையாது. மறுநாள் வரை குதிரையின் தலையில் ஒரு கிரீடம் மின்னும், அவ்வளவுதான். அதற்காக இவள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள்.

"குடிச்சா பாத்ரூம் போகணும்ல சார்? அதுக்குள்ள பச்சை முந்திடும்" என்றாள், கூடத்தைப் பற்றி எழுதப் போயிருந்த என்னிடம்.

கூடத்தில் இவள் பெயர் ராக்கெட்.

பச்சை, இடப்பக்க மேசை அக்காவுடையது. இவளுடைய பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே கிடந்தவள்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மதியம், இரண்டு குதிரைகளும் மூக்கோடு மூக்காக ஓடின. திடீரென்று பச்சை நின்றது.

"அப்பாடான்னு இருந்துச்சு சார். விட்டேனா பாருன்னு இன்னும் ஏழு விரிப்பு மடிச்சேன். ஏழு! கிரீடம் வந்ததும் கையத் தூக்கிக் கத்திட்டு, அக்காவச் சீண்டலாம்னு திரும்புறேன்..."

அக்கா தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இயந்திர இரைச்சலில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. பதினோரு பேர் சுற்றி நின்றும் ஒருத்தி கண்ணிலும் படவில்லை; எல்லாக் கண்ணும் திரையில்.

"அவ கீழ கிடக்கா. நான் சந்தோஷமா மடிச்சிட்டிருக்கேன்."

தன் கைகளை யாருடையவோ போலப் பார்த்தாள்.

ஆம்புலன்சில் கூடப் போய், டாக்டர் "உயிருக்குப் பயமில்லை" என்று சொன்னதும் இவள் திரும்பி வந்திருக்கிறாள். அக்காவின் மேசையில் புதிதாக ஒருத்தி. திரையில் பச்சைக் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"அதே குதிரை சார். ரெண்டு மணி நேரம்கூட ஆகல."

நான் போயிருந்தது அக்கா வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள். இடக்கை இன்னும் சரியாக மடங்கவில்லை. பச்சை எல்லாக் குதிரைகளுக்கும் கடைசியில் நொண்டிக்கொண்டிருந்தது.

"என்னடி, நிமிஷத்துக்கு ஒருதரம் என் மூஞ்சியவே பாக்குற?" என்றாள் அக்கா.

ராக்கெட் விரிப்பைப் பாதி மடிப்பிலேயே போட்டுவிட்டுப் போய், எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து அக்காவுக்குப் பின்னால் போட்டாள்.