கல்லில் ஏறவேண்டிய கண்ணாடி

சோகுலுக் ஊரிலிருந்து பிஷ்கெக் நகரத்துக்கு மினி பஸ் ஓட்டும் புருல்சுன், லாரிகளை முந்திப் பறந்தாலும் பயணிகள் திட்டமாட்டார்கள். "விமானியோட பொண்ணு, வேற எப்படி ஓட்டுவா?" என்று சிரிப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே அவள் இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். மூடியில்லாத விமானத்தில் பறந்த வாலிபக் கதைகளை அப்பா சிதிக்பெக் சொல்லித்தான் அவளுக்கு வண்டி ஓட்டும் ஆசையே வந்தது.

அப்பா போய் வருடம் திரும்பப்போகிறது. நினைவு விருந்துக்கு அறுக்கக் குதிரை பேசியாயிற்று. அதற்குள் கல்லறைக் கல் நிற்கவேண்டும். நெற்றியில் விமானிக் கண்ணாடியோடு அப்பா முகம், கீழே 'விமானி' என்று எழுத்து. பார்த்து வரைவதற்காக அப்பாவின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அத்தை ஜூராவோடு ஓமுர்பெக்கின் பட்டறைக்குப் போனாள்.

கல்லில் முகம் செதுக்கும் ஓமுர்பெக் ஒருகாலத்தில் விமானத்தளத்து மெக்கானிக். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, சட்டத்துல எழுபத்தொண்ணாம் வருஷம்னு அச்சு இருக்கு. அப்போ இங்க மூடியில்லாத விமானம் ஏது? அடைச்ச அறைக்குள்ள உக்காந்தவனுக்கு இது எதுக்கு?"

"பழசு உடைஞ்சு புதுசு வாங்கியிருப்பாருண்ணே."

"இருக்கலாம். ஆனா விமானிக் கண்ணாடின்னா காத்து போக ஓட்டை இருக்கும். இல்லேன்னா உள்ள ஆவி படிஞ்சு மங்கிடும். இதுல ஓட்டையே இல்ல. முகத்தோட ஒட்டிக்கிற ரப்பரு." மடிப்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. "பீட்ரூட் வயல்ல விமானம் மருந்தடிக்கும்போது, வரிசை காட்ட கீழ ஒருத்தன் கொடி பிடிச்சு நிப்பான். அவன் கண்ணுக்குக் கொடுத்தது மாதிரி தெரியுது."

ஜூரா எகிறினாள். "வாயக் கழுவு! எங்கண்ணன் விமானத்துலேர்ந்து இறங்கினத நான் கண்ணால பாத்தேன்!"

"இறங்கினத பாத்தீங்க. ஓட்டினத பாத்தீங்களாக்கா?"

"அதுக்கு நான் வானத்துக்கா போவேன்?"

புருல்சுனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். உயரத்துக் காற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கதவைத் திறந்ததுமே காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அது மேலே இருந்தவனுக்கும் தெரியும், கீழே நின்றவனுக்கும் தெரியும். முதலில் பறந்துவிட்டுப் பிறகு கொடி பிடித்தாரோ? அல்லது பறக்கவே இல்லையோ? கேட்கவேண்டிய ஆளுக்குத்தான் கல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"என்ன எழுதட்டும்? கல்லுல தப்பா செதுக்கினா அழிக்க முடியாது" என்றார் ஓமுர்பெக்.

"விமானின்னு எழுது!" என்றாள் ஜூரா.

"பேரு மட்டும் எழுதுங்கண்ணே" என்றாள் புருல்சுன். "கண்ணாடி நெத்தியில வேணாம். கையில வச்சிருக்கிற மாதிரி வரைங்க."

அவர் சுண்ணக்கட்டியால் கல்லின்மேல் கண்ணாடி பிடித்த ஒரு கையை வரைந்தார்.

"இன்னொரு கையில என்ன? கொடியா?" என்று கேட்டார்.



"அந்தக் கையக் கோட்டுப் பையில விட்டுடுங்க" என்றாள் புருல்சுன்.