எந்த ஊர் என்று மட்டும் கேட்டோம்

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் பனிக்கால மாலை சட்டென்று கறுத்துவிடும். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலை விட்டிறங்கி நேரே பப்புக்குத்தான் போவேன். மனைவிக்கு டாலஸில் வேலை. என் வீட்டில் ஹீட்டர் மட்டும்தான் முனகிக்கொண்டிருக்கும்.

பப்பை நடத்தியவள் இங்கிலாந்துக்காரி. அவள் பிறந்த ஊரில் பப்புகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டனவாம். பப் மூடிய தெருவில் யார் செத்தாலும் வாடை வந்த பிறகுதான் தெரியும் என்று, கிளாஸைத் துடைத்தபடியே சாதாரணமாகச் சொல்வாள்.

மாலையில் கூடும் தமிழர்கள் எங்கள் நாலைந்து பேருக்குக் கரூர்க்காரர் கிடைத்தது அங்கேதான். மருந்துக் கம்பெனி வேலை, குடும்பம் ஊரில். குடிக்கமாட்டார். ஒரு இஞ்சி சோடாவை மாலை முழுக்க உறிஞ்சுவார்.

"என்ன சார், எத்தனாவது ரவுண்டு? நான் வேணா டிரைவ் பண்ணட்டுமா?" என்பான் என் மாம்பலத்து நண்பன்.

"போங்க தம்பி, உங்க மூச்சுக்காத்துலயே எனக்கு ஏறிக்குதுங்க."

அந்த வாரம் பனி கொட்டியது. கரூர்க்காரர் ஒருநாள் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார் என்று நினைத்தோம். மறுநாளும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. இங்கிலாந்துக்காரி எங்கள் மேசைக்கு வந்து, அவர் வீடு எங்கே என்றாள்.

கரூரில் அவர் வீடு எந்தத் தியேட்டருக்குப் பின்னால், வாசலில் என்ன மரம், எல்லாம் எங்களுக்குத் தெரியும். இங்கே? ஏரிக்கரை அபார்ட்மென்ட். ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள், வரிசை வரிசையாக. எந்தக் கட்டடம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"தமிழ் குரூப்ல போடலாம்னா, பப்புல பழக்கம்னு சொல்லணும். மனுஷன் மானம் கப்பலேறிடும்டா" என்றான் நண்பன்.

"உசுரோட இருந்தா வந்து திட்டட்டும்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன்.

முதல் பதில்: "எந்த பப்?" அடுத்தது: "ஃபேமிலி குரூப்ல இதெல்லாம் வேண்டாமே, ப்ளீஸ்." மூன்றாவதாக ஒரு ஆன்ட்டி எழுதினார்: "எங்க மேல் வீடுதான். ரெண்டு நாளா காலைல அலாரம் அடிச்சு அடிச்சு ஓயுது. வெகேஷன் போயிருக்கார்னு நினைச்சோம்."

இங்கிலாந்துக்காரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் எங்களோடு காரில் ஏறினாள். மாடியில் எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து உடைத்தார்கள். குளியலறை வாசலில் கிடந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

மருத்துவமனையில் அவர் போன் என் கையில் இருந்தபோது அடித்தது. கரூரிலிருந்து அவர் மனைவி. நடந்ததைச் சொன்னேன். அழுகை கொஞ்சம் அடங்கியதும் பேசினார்.

"ரெண்டு நாளா போன் போட்டுட்டே இருக்கேனுங்க. ஆபீஸ்ல லீவா இருக்கும்னாங்க. சாயங்காலமானா கோயில்லதானுங்க இருப்பேன்னு சொல்லுவாரு, அங்கயும் போட்டேன். அப்படி ஒருத்தர் வந்தே வருஷமாச்சுன்னுட்டாங்க. நீங்க யாருங்க?"

பக்கத்து நாற்காலியில் இங்கிலாந்துக்காரி, பியர் வாடை வீசும் ஏப்ரனோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"பப்புல பழக்கம்ங்க. அவர் குடிக்கமாட்டாரு. பேச வருவாரு."



"இத்தனை பேர் இருக்கீங்க. ஒரு நம்பர் எங்கிட்ட இருந்திருந்தா..."

டாக்டரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார்: முதல் நாளே வந்திருந்தால் பேச்சு மிஞ்சியிருக்கும்.

வெளியே வந்து டாலஸுக்குப் போன் செய்தேன். "ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்கோ. நான் போன் எடுக்கலைன்னா அங்க கேளு."

"யார் நம்பர் அது?"

"பப்பு."

"குடிச்சிருக்கீங்களா?"

"எழுதிக்கோம்மா."

எழுதிக்கொண்டாள். பப்புக்கு அடுத்த கடைப் பல் மருத்துவர், அந்த இடத்தையும் வாங்கித் தன் கிளினிக்கைப் பெரிதாக்க, போன வாரம் டேப்போடு வந்து அந்தப் பப்பை அளந்துவிட்டுப் போனதை மட்டும் நான் சொல்லவில்லை.